அரிசியா, பணமா? வறுமையைப் பாடமாகப் படிப்பது பற்றி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாணவர் பாராட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த ஆண்டு நம் குடியிருப்பில் பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகளில் இரண்டு பேர் 'டெவலப்மென்ட் ஸ்டடீஸ்' எம்.ஏ. படிக்கப் போகிறோம் என்கிறார்கள். தமிழில் வளர்ச்சியியல் என்று சொல்லலாம். செய்தி தெரிந்ததிலிருந்து லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் ஒரே கேள்விதான். "அது என்ன படிப்பு? படித்தால் என்ன வேலை? ஏழைகளைப் பற்றிப் படிக்க இரண்டு வருஷமும் இத்தனை ரூபாயும் வேண்டுமா?" நீங்கள் பேங்க்கில் இருந்தவர், கடன் மானியமெல்லாம் பார்த்தவர், ஒரு அரை மணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். பேராசிரியர் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த வழியில், நம் ஊரை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2015 செப்டம்பரில் நம் புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் பணம் தரும் முறை வந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்தது. அதன்படி தகுதியுள்ள குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்தத் தானியத்தைக் கொடுக்காமல், அதற்கு ஈடான மானியத்தை வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம் என்று மத்திய அரசு சண்டிகரிலும் நம் ஊரிலும் சோதித்துப் பார்த்தது. பிறகு தாத்ரா நகர் ஹவேலியும் சேர்ந்தது. ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. பணமா அரிசியா என்ற சண்டை அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் நடுவில் போய், சென்னை உயர்நீதிமன்றம் வரை ஏறியது. கடைசியில் 2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டி ரேஷன் கடைகள் மறுபடி திறந்தன. இலவச அரிசியும் சர்க்கரையும் கொடுத்தார்கள்.

இதில் யார் சரி, யார் தப்பு என்று அரசியல் பேச நான் வரவில்லை. பணம் நல்லதா, அரிசி நல்லதா என்ற கேள்விக்கு எப்படிப் பதில் கண்டுபிடிப்பது? இதுதான் அந்தப் பிள்ளைகள் படிக்கப் போகும் பாடம்.

இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது. பணம் வேண்டும் என்பவர்கள் சொல்வது: அரிசியைப் பஞ்சாபிலும் ஆந்திராவிலும் வாங்கி, கிடங்கில் வைத்து, லாரியில் ஏற்றி, தெருக்கடை வரை கொண்டுவர ஆகும் செலவு மிச்சம். வழியில் திருடு போகாது. புழுங்கலோ பச்சரிசியோ, தனக்குப் பிடித்த ரகத்தை அந்தக் குடும்பம் தானே வாங்கிக்கொள்ளும். அரிசி வேண்டும் என்பவர்கள் சொல்வது: பணம் வந்தால் அது அரிசியாக மாறும் என்று என்ன நிச்சயம்? நம் ஊரில் தெருவுக்கு ஒரு சாராயக் கடை. விலை ஏறினால் என்ன செய்வது?

விலை விஷயத்தில் கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த மானியத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றேகால் மடங்கு ஆக்கி, அதிலிருந்து ரேஷன் விலையைக் கழித்தால் வருவதுதான் கிலோவுக்கு அரசு தரும் பணம். ஒரு உதாரணத்துக்கு, அது 23 ரூபாய் என்று வையுங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு 20 கிலோ. அதாவது 460 ரூபாய். கடையில் அரிசி 40 ரூபாய் விற்றால் 20 கிலோவுக்கு 800 ரூபாய் வேண்டும். மீதி 340 ரூபாய் கைக்காசு. கடை விலை 45 ஆனால் 440 ரூபாய். சூத்திரம் ஆதரவு விலையோடு ஏறுமே தவிர, முத்தியால்பேட்டை மளிகைக் கடை விலையோடு ஏறாது. அரிசியாகக் கொடுத்தால் 20 கிலோ என்றைக்கும் 20 கிலோதான். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும், முடிவு எளிதில்லை. ரேஷன் அரிசியை வாங்கி மாட்டுக்குப் போட்டவர்களும் விற்றவர்களும் இருந்தார்கள். அப்படியானால் அந்த வீட்டுக்கு அந்த அரிசியின் மதிப்பு என்ன? அந்த வீட்டில் போய்க் கேட்டால்தான் தெரியும்.

போய்க் கேட்டார்கள். நிதி ஆயோக் கேட்டுக்கொண்டதன்பேரில் ஜே-பால் தெற்காசியா என்ற ஆய்வு அமைப்பு, மூன்று யூனியன் பிரதேசங்களிலும் 2016 தொடங்கி 2017 வரை நான்கு சுற்று வீடு வீடாகப் போனது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தலைமை தாங்கினார்கள். அதில் தெரிந்த ஒரு விஷயம் என்னைப் போன்ற பேங்க்காரனை நிமிர்ந்து உட்கார வைக்கும். அரசுப் பதிவேட்டின்படி பணம் போய்ச் சேராதது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வீட்டில் போய்க் கேட்டால் ஐந்தில் ஒருவர் அளவுக்கு "எங்களுக்கு வரவில்லை" என்றார்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. பதிவேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்கேயோ அந்தப் பணம் நின்றுகொண்டிருக்கிறது.

எங்கே நின்றது என்பதைக் கவுன்ட்டரில் இருந்தவர்கள் சொல்ல முடியும். "சார், அரிசிப் பணம் வந்துடுச்சா பாருங்க" என்று பாஸ்புக்கை நீட்டும் அம்மாக்களை நாங்கள் தினமும் பார்த்தோம். ஆதார் வழியாக வரும் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இணைத்தீர்களோ அந்த வங்கிக்குப் போகும். ஒரு அம்மா முதலில் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பார். பிறகு கேஸ் மானியத்துக்காகவோ, குழுக்கடனுக்காகவோ வேறு வங்கியில் கணக்கு திறப்பார். அங்கே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அன்றோடு அரிசிப் பணம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவருக்குத் தெரியாது. எங்களிடம் வந்து பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. வந்த பணம் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான பிடித்தத்தில் கரைந்த வீடும் உண்டு. வருடக்கணக்கில் வரவு செலவு இல்லாமல் முடங்கிப்போன கணக்கும் உண்டு. செல்போன் எண் மாறியதால் எஸ்.எம்.எஸ். வேறு யாருக்கோ போனதும் உண்டு. பதிவேட்டைப் பொறுத்தவரை இத்தனையும் 'பணம் செலுத்தப்பட்டது'தான்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மாதங்கள் போகப் போக, முறை ஓரளவு பழகிய பிறகு, பணமே பரவாயில்லை என்றவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆகவே முதல் இரண்டு மாதத்தைப் பார்த்து இந்தத் திட்டம் தோல்வி என்று எழுதியிருந்தாலும் தவறு, பதிவேட்டைப் பார்த்து வெற்றி என்று எழுதியிருந்தாலும் தவறு. நான்கு முறை போய்க் கேட்டதால்தான் இரண்டும் தெரிந்தது. 'கொடுத்தாயிற்று' என்று கோப்பு சொல்வதற்கும் 'கிடைத்தது' என்று வீடு சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதுதான் இந்தப் படிப்பு. நான் இன்று சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

என் அனுபவத்தில் இந்தத் தூரம் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் ஐ.ஆர்.டி.பி. என்ற ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மாடு, ஆடு, தையல் மிஷின் வாங்க வங்கிக் கடன், அதில் ஒரு பங்கு அரசு மானியம். சிறு விவசாயிக்குக் கால் பங்கு, குறு விவசாயிக்கும் கூலித் தொழிலாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி. லெட்ஜரில் 'கறவை மாடு 1' என்று எழுதுவோம். மானியத்தை வரவு வைப்போம். இலக்கு முடிந்தது. மாடு பால் கறந்ததா, தீவனம் வாங்கக் காசு இருந்ததா, ஆறு மாதத்தில் விற்றுவிட்டார்களா என்று எழுத லெட்ஜரில் கட்டம் இல்லை. ஒரே மாடு நாலு வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட கதையைச் சொல்லாத பேங்க்காரரே அந்தக் காலத்தில் கிடையாது. அந்தத் திட்டம் 1999இல் வேறு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. அதற்குள் லட்சக்கணக்கான மாடுகள் லெட்ஜரில் ஏறிவிட்டன.

வீட்டுக்குப் போய்க் கேட்கும் வழக்கம் நம் பக்கத்தில் எப்போது தொடங்கியது தெரியுமா? நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். வகுப்பில் லண்டன் புத்தகத்தை மட்டும் நடத்திக்கொண்டிருக்காமல், 1916இல் தன் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு, கிணறு எத்தனை என்பதுதான் கேள்விகள். 1918இல் அது புத்தகமாக வந்தது. அந்தக் கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. இங்கிருந்து விழுப்புரம் போய், திருச்சி சாலையில் இறங்கினால் வந்துவிடும். சுமார் 60 கிலோமீட்டர். நம்மில் பலர் திருச்சிக்குக் காரில் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறோம்.

1916இல் அங்கே போன மாணவர் எழுதியது இது: கூலிவேலை செய்தவர்களில் பெரும்பாலோர் படியாட்கள். கல்யாணத்துக்கு நிலக்காரரிடம் கடன் வாங்குவார்கள். அந்தக் கடன் அடையாது. அப்பனிடமிருந்து மகனுக்கு வரும். நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறுவார். ஒரு மாணவர் விடுமுறையில் போய் எழுதாமல் இருந்திருந்தால், இந்த விவரம் எந்த வருவாய்த்துறைக் கணக்கிலும் இந்த அளவுக்குப் பதிவாகியிருக்காது.

அதோடு விட்டுவிடவில்லை. 1936–37இல் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் இருவரும் அதைத் தொகுத்தார்கள். 1981இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும், ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரை 90 வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறார்கள். ஊரையே கையில் வைத்திருந்த பெரிய நிலக்காரக் குடும்பத்தின் பிடி தளர்ந்தது, கூலிக்காரர்கள் ஒரே எஜமானரை நம்பி இருந்த நிலை மாறியது, வெளியூர் வேலையும் அரசின் நலத்திட்டங்களும் வந்தது, இவ்வளவும் வரிசையாகப் பதிவாகியிருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் வறுமை குறைந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால், எனக்குத் தோன்றுகிறது உனக்குத் தோன்றுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. இதை எடுத்துக் காட்டலாம்.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். கடற்கரைக்கு நடக்கப் போகும்போது செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்ச் இன்ஸ்டிடியூட் கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1955இல் தொடங்கியது. அங்கே பழைய ஓலைச்சுவடிகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியும். கடனைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ச்சி நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2010இல் கடலூர், விழுப்புரம் மாவட்ட எல்லையில் உள்ள 10 கிராமங்களில் சுமார் 400 குடும்பங்களிடம் கேள்வி கேட்டார்கள். 2016–17இலும் 2020–21இலும் அதே குடும்பங்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். இசபெல் கெரின், ஜி. வெங்கடசுப்பிரமணியன் போன்றவர்கள் இதில் முக்கியமானவர்கள்.

பேங்க்கில் எங்களுக்கு ஒரு குடும்பத்தின் கடன் என்றால் எங்கள் லெட்ஜரில் உள்ள கடன்தான். இவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது தெரிந்தது வேறு. ஒரே குடும்பத்துக்கு ஒரே நேரத்தில் பல கடன்கள். நகைக்கடன், மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ், வட்டிக்கு விடுபவர், உறவுக்காரர், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ கூட்டிப்போகும் மேஸ்திரி கொடுத்த அட்வான்ஸ். ஒன்றை அடைக்க இன்னொன்று. செவ்வாய்க்கிழமை தவணைக்கு வியாழக்கிழமைக்காரரிடம் வாங்குவது. இந்தச் சுமையைத் தூக்கி நடப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். குழுக்கடன் வசூல் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் என்றால் வங்கிக்கு அது நல்ல செய்தி. அந்தத் தவணை எந்தப் பணத்தில் வந்தது என்பது வீட்டில் கேட்டால்தான் தெரியும். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதியில், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்த்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் உறவுக்காரர் கடனும் மேஸ்திரி அட்வான்ஸும் எங்கே வரும்? இப்படிக் கேட்கத் தெரிந்த ஆள் ஒருவர் அந்த மேஜையில் உட்கார வேண்டும்.

கேட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணவும் தெரிய வேண்டும். ஏழை என்று யாரைச் சொல்வது? டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011–12இல் ஒருவரின் மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். அதற்கு மேல் செலவு செய்தால் அவர் ஏழை இல்லை. ரங்கராஜன் குழு 2014இல் அதை 972 என்றும் 1,407 என்றும் உயர்த்தியது. கோட்டை நகர்த்தினால், ஒரே இரவில் கோடிக்கணக்கானவர்கள் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார்கள். யாருடைய வீட்டிலும் எதுவும் மாறியிருக்காது.

பிறகு பணத்தை மட்டும் பார்க்காமல் படிப்பு, உடல்நலம், கழிப்பறை, சமையல் எரிவாயு என்று பலவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பன்முக வறுமைக் குறியீடு வந்தது. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், அந்தக் கணக்குப்படி புதுச்சேரியில் ஏழைகள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் உள்ள 12 அளவுகோல்களில் ஒன்று, வீட்டில் ஒருவருக்காவது வங்கிக் கணக்கோ அஞ்சலகக் கணக்கோ இருக்கிறதா என்பது. 2014இல் ஜன் தன் திட்டம் வந்தபோது நாங்கள் முகாம் போட்டு இரவு வரை கணக்கு திறந்தோம். அதில் எத்தனை கணக்கில் முதல் வருடம் முழுக்க பூஜ்யம் இருந்தது என்பது கவுன்ட்டரில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கணக்கு இருப்பது நல்லது. அது இல்லாமல் எந்த உதவியும் வராது. கணக்கு இருக்கிறது என்பதால் கஷ்டம் இல்லை என்று ஆகாது. ஒரு எண்ணைப் பார்த்ததும் அது எதை எண்ணியது, எதை எண்ணவில்லை என்று கேட்கப் பழக்குவது இந்தப் படிப்பின் இன்னொரு பாதி.

சரி, 'இன்டர்நேஷனல்' என்று ஏன் சேர்க்கிறார்கள்? ஒரு ஊரில் செய்து பார்த்தது இன்னொரு ஊருக்குப் பாடம் என்பதால்தான். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பினால் தாய்க்குப் பணம் என்று மெக்சிகோ 1997இல் ஆரம்பித்தது. 2003இல் பிரேசில் பெரிய அளவில் செய்தது. பிறகு பல நாடுகள் எடுத்துக்கொண்டன. வங்கதேசத்தின் கிராமீன் வங்கியைப் பார்த்து மகளிர் குழுக்கடன் உலகமெல்லாம் பரவியது. 1982இல் தமிழ்நாட்டில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தை வெளிநாட்டுக்காரர்கள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். புது மருந்தைச் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல, திட்டங்களையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்ன அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையை ஏற்காத பெரிய அறிஞர்களும் உண்டு. அந்த வாதத்தையும் வகுப்பில் படிப்பார்கள்.

இனி பெற்றோர்கள் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன்.

என்ன பாடம்? பொருளாதாரம், புள்ளியியல், சமூகவியல், அரசியல், அரசு நிதி, எல்லாவற்றுக்கும் மேல் களப்பணி. கடைசியில் சொந்தமாக ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டும். பி.காம். படித்த பிள்ளைகளுக்குக் கணக்கு பயம் இருக்காது. அது ஒரு நல்ல விஷயம்.

எங்கே படிக்கலாம்? சென்னை ஐ.ஐ.டி.யில் 2006இல் ஐந்தாண்டு எம்.ஏ.வாகத் தொடங்கினார்கள். பிறகு இரண்டாண்டுப் படிப்பாக மாற்றினார்கள். மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனம், 1936இலிருந்து இருக்கிறது. பெங்களூரில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம், குஜராத் ஆனந்தில் ஊரக மேலாண்மைக்கு இர்மா. நம் காலாப்பட்டிலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம், சமூகவியல், சமூகப்பணி எல்லாம் இருக்கிறது. அதைப் படித்துக்கொண்டே இந்தப் பக்கம் வரலாம். சென்னை அடையாற்றில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் முனைவர் பட்டம் வரை போக நினைப்பவர்களுக்கு. வெளிநாட்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ், நெதர்லாந்தின் ஹேக் இரண்டும் இந்தப் படிப்புக்குப் பழைய இடங்கள். நுழைவுத்தேர்வு விதி அடிக்கடி மாறுகிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம்? இது என் துறை. கல்விக்கடனில் 7.5 லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. ஆனால் படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முடிந்தவர்கள் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள், பிறகு சுமை தெரியாது. வெளிநாட்டுக்கு வீட்டை அடமானம் வைத்து அனுப்புவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். உதவித்தொகை கிடைத்தால் போகட்டும். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். ஆகவே இங்கே படித்து, இரண்டு வருடம் கிராமத்தில் வேலை பார்த்துவிட்டுப் போவதுதான் நல்ல வழி. பணமும் மிச்சம், கேட்கக் கேள்வியும் கையில் இருக்கும்.

வேலை? சாஃப்ட்வேர் சம்பளம் ஆரம்பத்தில் வராது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆய்வு அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், மாநில அரசின் திட்டப் பிரிவுகள் இருக்கின்றன. நபார்டு அதிகாரி தேர்வுக்கும் சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் இந்தப் படிப்பு நல்ல அடித்தளம். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கவும் ஆள் தேவை. முதல் மூன்று நான்கு வருடம் பஸ்ஸில் அலைய வேண்டும். அதற்குத் தயாரான பிள்ளை என்றால் தடுக்காதீர்கள்.

கடைசியாக, படிக்கப் போகும் பிள்ளைகளுக்கும் நம் சங்கத்துக்கும் ஒரு வேலை சொல்கிறேன். நம் கேட்டுக்குள் தினமும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், தோட்டக்காரர், குப்பை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் எத்தனை பேருக்கு ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று தெரியும்? பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு வருடத்துக்கு 20 ரூபாய்தான். இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜூன் மாதத்தை ஒட்டிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் கணக்கில் 20 ரூபாய் இல்லாவிட்டால் காப்பீடு நின்றுபோகும். யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். 'திட்டத்தில் சேர்ந்தவர்' என்று பதிவேட்டில் பெயர் இருந்திருக்கும். தேவைப்படும் நாளில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளைகள் ஒரு சிறு கேள்வித்தாள் தயார் செய்யட்டும். பத்துக் கேள்வி போதும். விருப்பம் உள்ளவர்களிடம் மட்டும், அவர்கள் வேலை முடித்துப் போகும் நேரத்தை வீணாக்காமல், மரியாதையாகக் கேட்கட்டும். சொன்னதைச் சங்க வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. பதிலை வைத்துச் செய்யக் கூடியதைச் செய்வோம். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை நான் சங்க அறையில் உட்காருகிறேன். பாஸ்புக், ஆதார், ரேஷன் கார்டு எடுத்து வந்தால் எது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். வங்கிக்கு எழுத வேண்டியதை எழுதித் தருகிறேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவர்களிடம் இதை நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள்.

படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள்.